வெந்த உடம்புக்குச் சூடு

சிவகாசியில் ஏ.சி. மனிதனுக்கென்று வந்த சாமான் இல்லை, காகிதத்துக்கென்று வந்தது. மழைக்காலத்தில் ஈரம் குடித்த தாள் மெஷினில் ஏறினால், காலண்டர் அம்மனுக்கு மூக்கு ஓரிடத்திலும் மூக்குத்தி ஓரிடத்திலும் அச்சாகும். அதற்குப் பயந்துதான் முதலாளிமார் அச்சுக்கூடத்தில் குளிர் வைத்தார்கள். தாள் அடுக்குகிற பெண்களுக்கும் அந்தக் காற்றில் கொஞ்சம் கிடைத்தது என்றால், அது நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிந்த கதை.

அந்த ஏ.சி. மெஷின்களைக் கட்டி மேய்க்கிறவன் காளீஸ்வரன். எம். புதுப்பட்டிக்காரன். அப்பா சங்கிலிமுத்து சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தாய் சின்னத்தாய் தீப்பெட்டி ஒட்டி அவனை ஐ.டி.ஐ. வரைக்கும் படிக்க வைத்தாள். தங்கை வேல்விழி எட்டாம் வகுப்போடு நின்று, வயது வந்ததும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். ஒருத்தர் கரையேறினால் போதும் என்பது இல்லாதவர் வீட்டுச் சட்டம். அந்த ஒருத்தர் எப்போதும் ஆண்பிள்ளையாக இருப்பது எப்படி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வேல்விழியும் கேட்கவில்லை. சீசனில் பட்டாசு மருந்து ஒட்டிக் கைநகம் எல்லாம் வெள்ளி நிறமாக வீட்டுக்கு வந்து, அண்ணனுக்குத்தான் முதலில் சோறு போடுவாள்.

காளீஸ்வரனிடம் ஒரு குணம் உண்டு. எந்த மெஷினையும் போனதும் ஓட்டிவிட மாட்டான். பொண்ணு பார்க்க வந்த மாமியார் மாதிரி சுற்றிச் சுற்றி வருவான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை அவன் அளவுக்கு நம்பியவன் அந்தப் பக்கத்தில் கிடையாது.

2007இல் விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, தீக்காயத்துக்கென்றே ஓர் அறை கட்டியது. சுவருக்குப் பின்னால் பீரோ அளவில் ஒரு யூனிட். குளிரும் அதுவே தரும், சூடும் அதுவே தரும். முதன்முதலாக ஓட்டிவிட்டு வரக் காளீஸ்வரனை அவன் வேலை பார்த்த ஏ.சி. கம்பெனியில் அனுப்பினார்கள். சூடு என்றதும் அவனுக்கே சிரிப்பு வந்தது. ஊட்டிக்குப் போகவேண்டிய சாமான் வழி தப்பி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தான்.

முதல் நாள் போய் மெயின் சுவிட்சை மட்டும் போட்டுவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்றான். ஆஸ்பத்திரி மேனேஜர் லட்சுமிகாந்தத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏம்ப்பா, ஒரு மிசினை ஓட்டுறதுக்கு நல்ல நாள் பாக்கிறியா?”

“கம்ப்ரசருக்கு அடியில எண்ணெயோட கேஸ் கலந்து கெடக்குங்கய்யா. அங்கன ஒரு சின்ன ஹீட்டர் இருக்கு, அது எண்ணெயச் சூடாக்கணும். பச்சையா ஓட்டுனா மொத ஓட்டத்துலயே கம்ப்ரசர் வாயப் பொளந்துரும்.”

மறுநாள் காலையில் கம்ப்ரசரின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தான். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற பதத்தில் சூடு இருந்தது. அதன் பிறகு ஃபேனை மட்டும் ஓட்டி, காற்று சரியான பக்கம் போகிறதா என்று ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தான். குளிர் வைத்தான், தண்ணீர் குழாய் வழியாக வடிந்தது. நிறுத்தி, ஆறவிட்டு, கடைசியாகத்தான் சூட்டைப் போட்டான்.

புதுக் கம்பிச் சுருளில் படிந்திருந்த தூசி கருகி, வாடை வராந்தாவுக்குப் போய்விட்டது. முதல் தடவை எல்லா ஹீட்டரும் செய்கிற காரியம்தான். ஆனால் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது சிவகாசிப் பக்கத்து ஜனம். கருகல் வாடைக்கு நின்று யோசிக்கிற பழக்கம் இவர்களுக்குக் கிடையாது. முதலில் ஓட்டம், விசாரணை பிறகு. ஒரு பெரியவர் குளுக்கோஸ் பாட்டிலைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார். “தூசி வாடைதான், உள்ள வாங்க” என்று காளீஸ்வரன் கெஞ்சிக் கூட்டிவர வேண்டியதாயிற்று.

டாக்டர் ஐஸ்வர்யாவும் அங்கே இருந்தார். காளீஸ்வரன் தயங்கிக்கொண்டே கேட்டுவிட்டான்.

“டாக்டரம்மா, தீயில வெந்தவுகளுக்குப் போயிச் சூடு எதுக்கு?”

“தோல் போனவங்க உடம்புல சூடு நிக்காது, காளீஸ்வரன். காத்து பட்டாலே விறைச்சுப் போவாங்க. புண்ணு கொல்லாத ஆளைக் குளிர் கொன்னுடும்.”

அவன் தலையாட்டினான். தலைதான் ஆடியது, மனம் ஆடவில்லை. சூடு பட்ட விரலைத் தண்ணீரில் விட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு எப்படி ஏறும்?

அடுத்த வருஷத் தீபாவளி சீசனில் ஆர்டர் நெருக்கியது. மரத்தடியில் வைத்து வெடிமருந்து அடைக்கக் கூடாது என்பது வேல்விழியின் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். லோடு ஏற்ற லாரி வந்து நின்றுவிட்டால் தெரிந்தது எல்லாம் மறந்துபோகும், முதலாளிக்கு முதலில் மறக்கும். அன்றைக்கு மரத்தடியில் பிடித்த தீயில் வேல்விழியின் உடம்பு பாதி வெந்துபோயிற்று. அண்ணன் மெஷின் ஓட்டிவைத்த அதே அறையில்தான் அவளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

“கிருமியும் அண்டக் கூடாது, குளிரும் அண்டக் கூடாது. ரெண்டையும் பாத்துக்கிட்டா உங்க தங்கச்சியை மீட்டுடலாம்” என்றார் டாக்டர். அந்த வார்த்தையைக் காளீஸ்வரன் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

கூட இருக்க ஒருவருக்குத்தான் அனுமதி. பச்சை அங்கி மாட்டிக்கொண்டு சின்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். அறை வெக்கையாகக் கிடந்தது, அவளுக்கே வியர்த்து ஊற்றியது. மகளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து அவள் ஈரக்குலை கருகிற்று. வெளியே வந்து மகனைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே, நீ மாட்டுன மிசின்தான இது? குளிர வையிலே. தீயில வாட்டுனது போதாதுன்னு இங்கன வச்சும் வாட்டுறாகளே.”

“டாக்டர் சொல்லிருக்காகம்மா. சூடாத்தான் இருக்கணும்.”

“அவுக பெத்தாகளா, நான் பெத்தேனா?”

காளீஸ்வரன் வேலைக்குப் போய்விட்டான்.

இரண்டு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சூடு நிற்கவே மாட்டேன் என்கிறது, போட்டால் கொஞ்ச நேரத்தில் கட்டாகிவிடுகிறது, அறை குளிர்ந்துபோகிறது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் அவள் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகிறதாம். வேறு அறைக்கு மாற்றலாம் என்றால், கிருமி அண்டாத அறை வேறு அங்கே இல்லை. காளீஸ்வரன் சிவகாசியிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரி எலக்ட்ரீசியன் ரத்தினசாமி யூனிட்டின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

“இந்தச் சேப்டி பட்டன்தாம்ப்பா சும்மா சும்மா துள்ளுது. ரெண்டு வயரையும் டைரக்டா முறுக்கி விட்டுருவோம். கட்டாகவே செய்யாது.”

வேறு நாளாக இருந்தால் காளீஸ்வரன் சண்டைக்கே போயிருப்பான். அன்றைக்கு அவன் கை வயரைத் தொட்டுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேல்விழி கிடந்தாள். முறுக்கிவிட்டால் இந்த நிமிஷமே சூடு வரும். ஆனால் அந்தப் பட்டன் காரணம் இல்லாமல் துள்ளாது. காற்று போதாமல் கம்பி பழுத்தால்தான் அது துள்ளும். அதன் வாயைக் கட்டிவிட்டால் கம்பி பழுத்துக்கொண்டே போகும், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வேறு.

“வேண்டாம்ண்ணே. காத்து எங்கயோ அடைக்குது. அதப் பாப்போம்.”

மெயினை அணைத்துவிட்டு ஹீட்டர் பெட்டிக்குள் டார்ச் அடித்தான். கம்பிச் சுருளுக்கு இடையில் கரிந்த இலைகள் ஒட்டிக்கிடந்தன. எடுத்துக் கசக்கி முகர்ந்தான். வேப்பிலை.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. கைகால் கழுவி, அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனான். ரிப்பேர் முடிகிறவரை ஆள் வேண்டாம் என்று நர்ஸ் சின்னத்தாயை வெளியே அனுப்பினாள். கட்டிலின் தலைமாட்டுத் திரைக்குப் பின்னால், சுவரின் கீழ்ப்பக்கம், யூனிட் காற்றை இழுத்துக்கொள்கிற ஜன்னல் இருந்தது. அதன் கம்பிக் கதவைத் திறந்தான். தூசி வலை கழற்றப்பட்டு ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. வலை இருக்கவேண்டிய இடத்தில் நனைத்த வேட்டித் துணி, அதற்குள் கொத்துக் கொத்தாக வேப்பிலை. துப்புரவு செய்கிறவர் வலையைக் கழற்றியதைப் பார்த்து வைத்திருந்து, சின்னத்தாய் மடியில் ஒளித்துக் கொண்டுவந்து திணித்திருக்கிறாள். காற்று இங்கே உள்ளே போய் மகளின் தலைக்கு மேலே வெளியே வருகிறது, அதனால் வேம்பில் பட்டுக் குளிர்ந்து வரட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். படிக்காத பெண்பிள்ளை அவளாகவே மெஷினைப் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் கொடுமை. பெற்ற மனம் பித்து என்பார்கள், இந்தப் பித்துக்கு அறிவும் இருந்தது.

துணியை உருவி டூல்ஸ் பைக்குள் போட்டான். நர்ஸ் பார்த்தால் அம்மாவை அப்புறம் வாசல்படி ஏறவிட மாட்டார்கள்.

“ண்ணே.”

குனிந்தான். வேல்விழியின் பற்கள் தந்தியடித்தன.

“எரியுதா தாயி?”

“இல்லண்ணே. குளிருது. ரெண்டு நாளாக் குளிருது.”

“ஏன் தாயி சொல்லல?”

“அம்மா வேப்பிலைக்கு அம்புட்டுத் தூரம் அலையிது. அத வச்சதும், இப்பக் குளிச்சியா இருக்கான்னு கேக்கும். இருக்கும்மான்னு சொன்னா அது மொகம்... அதுட்டச் சொல்லிராதண்ணே.”

அவனுக்கு ஓவென்று அலறவேண்டும் போலிருந்தது. எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசினார்கள். அவளிடம் கேட்டது தாய் ஒருத்திதான், அவளுக்கும் வேண்டிய பதில்தான் கிடைத்திருந்தது.

அவசரப்பட ஆயிரம் காரணம் இருந்தும் காளீஸ்வரன் வரிசை தப்பவில்லை. சுருளிலிருந்து இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். கிருமி போகத் துடைத்த வலையை மாட்டினான். ஃபேனை மட்டும் ஓட்டினான், காற்று தாராளமாக வந்தது. அதற்குப் பிறகே பட்டனை அமுக்கிச் சூட்டைப் போட்டான். இந்தத் தடவை கட்டாகவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றான். கொஞ்சம் கொஞ்சமாக அவள் நடுக்கம் அடங்கிற்று.

வெளியே சின்னத்தாய் அவன் பையிலிருந்து தொங்கிய துணியைப் பார்த்துவிட்டாள். “புடுங்கிட்டியா?” என்று மட்டும் கேட்டாள். அவன் துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

வேல்விழி பிழைக்கவில்லை. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். அது குளிரில் தளர்ந்த உடம்பினாலா, மடியில் வந்த இலையினாலா, வெந்த வேக்காடே அவ்வளவுதானா, யார் அறிவார்? காளீஸ்வரன் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்தான்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தியிடமும் சின்னத்தாய் அதையேதான் சொன்னாள். “புள்ள தீயில வெந்து கெடக்கா. கூடப் பொறந்தவன் வந்து வேப்பிலையப் புடுங்கி எறிஞ்சிட்டுச் சூட்டக் கூட்டி வச்சிட்டுப் போனான். பெறகு எப்படி இருப்பா?” கேட்டவர்கள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் காதுபடவே பேசினார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

“ஏலே, நெசத்தச் சொல்லு. என்னைய வெளிய அனுப்பிட்டு நீ மட்டுந்தான் அவ பக்கத்துல நின்ன. ஒன்ட்ட என்ன சொன்னா? எரியுதுன்னு சொன்னாளா?”

உண்மை நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் ஊர்ப்பழி போய்விடும், தாயும் திரும்பக் கிடைப்பாள். அந்தத் தாயை வைத்துக்கொண்டு பிறகு என்ன செய்வது? ஒவ்வொரு கொத்து வேப்பிலையாக நினைத்து நினைத்து அவள் செத்துப்போவாள்.

“ஆமாம்மா. எரியுதுன்னுதான் சொன்னா.”

“கேட்டுக்கிட்டேயாலே சூட்ட வச்ச?”

“ஆமா.”

சின்னத்தாய் அவன் முன்னால் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.