தாமசின் கத்திய மதியம்

நாடகத்துக்குக் கூப்பிட்டது நாத்தனார் அர்சுலாதான். அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து ஆறு வாரமாகியிருந்தது. தாமசின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்க அண்ணி. ஒரு சீமாட்டி புருஷனுக்கு விஷம் வைக்கிற நாடகமாம்."

"உங்க அண்ணன் போயி ரெண்டு மாசம் ஆகல. ஊரு என்ன சொல்லும்?"

"வரலைன்னாதான் ஊரு சொல்லும்" என்றாள் அர்சுலா.

தாமசினுக்கு விளங்கிவிட்டது. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் அந்தக் கதையை அறியாதவர் இல்லை. வடக்கே ஏதோ ஊரில், மேடையில் நடந்த கொலையைப் பார்த்த ஒருத்தி, "நானும் இப்படித்தான் செஞ்சேன்" என்று எழுந்து நின்று அலறினாளாம். குற்றமுள்ள நெஞ்சு நாடகத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று பாதிரியார் முதல் படகோட்டி வரை நம்பினார்கள். கொலை செய்த ஆணுக்குக் கயிறு. புருஷனைக் கொன்ற மனைவிக்குக் கம்பத்தில் கட்டி நெருப்பு.

தாமசினின் தொழில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது. இருபத்தெட்டு வருஷம் அம்மையும் காய்ச்சலும் பார்த்தவள். மலம் அள்ளவும் சீழ் துடைக்கவும் முகம் சுளித்ததில்லை. அவளுடைய கணவன் அம்புரோஸ் தோல் பதனிடுகிறவன். நெஞ்சில் நீர் கோத்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஊரார் நோயாளிகளையெல்லாம் தேற்றியவளுக்குச் சொந்தப் புருஷனைத் தேற்றத் தெரியாமலா போயிற்று என்று அர்சுலா மீன்கடையில் கேட்டாள். அந்தக் கேள்வி தானாகவே தெருத்தெருவாக நடந்தது.

உண்மையில் நடந்தது தாமசினுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று இரவு கண்விழித்த களைப்பில், கடைசி நாள் மதியம் அடுப்போரமாகக் கண்ணயர்ந்துவிட்டாள். இருமல் கேட்டு விழித்தபோது அம்புரோஸ் மல்லாந்து கிடந்தான். மூக்கில் பால் வழிந்தது. பக்கத்தில் அர்சுலா, கையில் கிண்ணத்தோடு. தாமசின் துடைத்து நிமிர்த்துவதற்குள் உயிர் போய்விட்டது. தாமசின் காய்ச்சி வைத்திருந்த பாலை அண்ணனுக்கு ஆசையாகக் கொடுத்தவள் அர்சுலா. தான் செய்தது இன்னதென்று அவளுக்குத் தெரியாது. தாமசினும் சொல்லவில்லை.

இப்போது அந்த ரகசியமே தாமசினின் பயம். மேடையில் கிண்ணத்தைப் பார்த்ததும் தன் வாய் தன்னைக் கேட்காமல் என்ன உளறிவைக்குமோ என்ற பயம்.

நாடகசாலை முற்றத்தில், வெயிலில், தோளோடு தோள் இடித்து நின்றார்கள். இடப்பக்கம் அர்சுலா. வலப்பக்கம் ரொட்டி சுடுகிற கில்பர்ட். அந்த வருஷம் பேட்டையைக் காவல் காக்கும் முறை அவருடையது. சட்டையில் மாவும் கையில் காவல் கோலுமாக நின்றார்.

"நாடகம்னா உங்களுக்குப் பிடிக்காதே, அண்ணே" என்றாள் தாமசின்.

"எனக்கு நாடகம் பிடிக்காது. அர்சுலாம்மா கூப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார்.

சீமாட்டியாக வந்தவன் பதினாறு வயதுப் பையன். இடுப்பை இறுக்கி, முகத்தில் வெள்ளை பூசியிருந்தான். பெண்கள் மேடையேறாத காலம்; அவன் பையன் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அவன் தலையை நிமிர்த்தி, "அஞ்சுவதற்கு எனக்கு நேரமில்லை, ஐயா" என்று கணவனிடம் சொன்னபோது முற்றமே அடங்கிப்போனது.

"இப்படிப் பேசணும்டி!" என்றாள் பின்னாலிருந்த மீன்காரி.

"பேசிப் பாரு. உன் புருஷன் பல்லைக் கையில கொடுப்பான்" என்றாள் இன்னொருத்தி.

சீமாட்டி கிண்ணத்தை எடுத்தாள். அர்சுலாவின் கண்கள் மேடையில் இல்லை. தாமசினின் முகத்தில் இருந்தன. தாமசின் போர்வை நுனியைப் பற்களுக்கிடையில் வைத்துக் கடித்தாள். மேடையில் கணவன் மல்லாந்து படுத்திருந்தான். சீமாட்டி அவன் வாயில் அப்படியே ஊற்றப் போனாள்.

"அடி பாவி, படுக்க வச்சு ஊத்தாதே! தலையைத் தூக்கு! அடைச்சுக்கும்!"

கத்தியது யாரென்று தாமசினே ஒரு கணம் தேடினாள். சாகவேண்டிய கணவன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். சீமாட்டி மிரண்டு, அவன் பிடரிக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். முற்றம் வெடித்துச் சிரித்தது. கில்பர்ட் மட்டும் சிரிக்கவில்லை. தாமசினின் முழங்கையைப் பிடித்து வாசலோரம் இழுத்துக்கொண்டு போனார். அர்சுலா பின்னால் வந்தாள்.

"கத்திட்டியேம்மா" என்றார் அவர், வருத்தத்தோடு. "மறைக்காம சொல்லு. அம்புரோஸுக்குக் கடைசிக் கிண்ணம் கொடுத்தது யாரு?"

தாமசின் மேடைப் பக்கம் திரும்பினாள். மேடையில் அதற்குள் விசாரணை தொடங்கியிருந்தது. சீமாட்டி நீதிபதிகளுக்கு எதிரே விறைப்பாக நின்று பதிலுக்குப் பதில் கொடுத்தாள். மாடத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தப் பையனுக்கு என்ன, வெள்ளையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போவான். கீழே நிற்கிற பெண் நிமிர்ந்தால் திமிர், அழுதால் குற்றம், சும்மா நின்றால் கல்நெஞ்சு.

கம்பமும் விறகும் கண்ணில் தெரிந்தன. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அர்சுலாவின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நான்தான்" என்றாள் அர்சுலா.

அவள் முகம் சீமாட்டியின் முகத்தைவிட வெளுத்திருந்தது. "நான்தான் கொடுத்தேன். மல்லாக்கப் படுத்திருந்தாரு. அப்படியேதான் ஊத்தினேன். அண்ணி தூங்கிட்டிருந்தாங்க. அதனாலயா? அண்ணி, அதனாலதானா?"

கில்பர்ட்டின் கை இப்போது அர்சுலாவின் பக்கம் நகர்ந்தது. தாமசினுக்கு வந்த குரல் கீச்சென்றிருந்தது, ஆனால் வந்தது.

"பாலுதான் அண்ணே. வேற ஒண்ணுமில்ல. கிண்ணத்துல பாதி மிச்சம் இருந்துச்சு. வீணாக்கக் கூடாதுன்னு நான்தான் குடிச்சேன். குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன் பாருங்க."

"அப்பவே நாலு பேர் பார்க்கக் குடிச்சியா?"

"உடம்பைக் கழுவ வந்த பொம்பளைங்க பார்த்தாங்க. புருஷன் செத்ததும் பால் குடிக்கிறா பாருன்னு பேசினாங்களே, காதுல விழலையா?"

விழுந்திருக்கிறது. கில்பர்ட் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நாடகம் பேசவைக்கும்னு சொன்னது சரிதான்" என்று முணுமுணுத்தார். "அடுப்பு அணைஞ்சிருக்கும், நான் வரேன்."

வீடு திரும்பும் வழியில், பாலத்தருகே அர்சுலா நின்றாள். "நிமிர்த்திக் கொடுத்திருந்தா பிழைச்சிருப்பாரா?"

"அந்த வாரம் இருந்திருப்பாரு. அடுத்த வாரம் இருந்திருக்க மாட்டாரு" என்றாள் தாமசின். அது உண்மை. அதற்கு மேல் ஆறுதல் அவளிடம் இல்லை.

அர்சுலா மீன்கடையில் திருத்திச் சொன்னாள். பாதிப் பேர்தான் நம்பினார்கள். தாமசின் அதற்கப்புறம் பதினோரு வருஷம் நோயாளிகளைப் பார்த்தாள். எந்த வீட்டில் எந்தக் கிண்ணத்தை எடுத்தாலும் உறவுக்காரர்களைக் கட்டிலருகே கூப்பிடுவாள். அவர்கள் பார்க்க முதல் மடக்கைத் தானே குடிப்பாள். அப்புறம்தான் நோயாளியின் தலையைத் தூக்குவாள்.