ரிப்பீட் அப்படியே இருக்கட்டும்

எண்பதுகளின் பிற்பகுதியில் திருவனந்தபுரத்தில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்த்தேன். கல்லூரி மாணவர்கள் பழகுவதற்காக எளிய நிரல்மொழி ஒன்றை நானும் ஒரு சகாவும் உருவாக்கிக்கொண்டிருந்தோம். அவர் கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் வளர்ந்தவர். மொழி நன்றாக ஓடத் தொடங்கிய பிறகும், முதல் பதிப்பு என்று வெளியிட அவருக்கு மனம் வரவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி, கேட்டேளா?" என்பார். அதை முடித்தால் இன்னொன்று முளைக்கும். எனக்கும் உள்ளூரப் பயம்தான். வெளியிட்டுவிட்டால் எதையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இன்றைக்கு ஒருவர் எழுதும் நிரல் அடுத்த வருஷமும் ஓடியாக வேண்டும்.

கடைசியில் அவர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளைக்கு 'ரிப்பீட்' என்று வைத்திருந்தோம்.

"இங்கிலீஷ்ல ஆறெழுத்து அடிக்கணும். 'லூப்'னா நாலோட போச்சு. மாத்திடலாமே?"

சரி என்றேன். சோதித்துப் பார்க்க எங்களிடம் ஒரு பிளாப்பி வாங்கிப்போயிருந்த கல்லூரி ஆசிரியை ஒருவர் இருந்தார், நாகர்கோவில்காரர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று இருவரும் போனோம். அவருடைய வகுப்புக்குள் நுழைந்ததும் திகைத்துவிட்டோம். கரும்பலகை முழுக்க எங்கள் மொழி. மாணவிகள் ஒரு விசைப்பலகைக்கு மூன்று பேராக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மேடம், இத நாங்க இன்னும் வெளியிடவே இல்லையே!" என்றார் சகா.

"அப்படியா? பிள்ளைய எல்லாம் படிச்சு முடிக்கப் போவுதே!"

'லூப்' விஷயத்தை நான் மெதுவாக எடுத்தேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"அப்பம் இவங்க எழுதினது ஒண்ணும் ஓடாதா? ரெண்டெழுத்து கூட அடிச்சா வெரலு தேஞ்சா போவும்? பூஜ்யத்தால வகுத்தா மிஷினு அப்படியே நின்னுபோவுது. அதச் சரியாக்குங்க. மத்தது எதையும் தொடாண்டாம்."

மாணவிகள் சிரித்தார்கள். சகாவின் காது சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில், "ரிப்பீட் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அந்த வாரம் வகுத்தலை மட்டும் சரிசெய்தோம். 'பதிப்பு 1' என்று அவரே லேபிள் எழுதி ஒட்டினார். கொண்டுபோய்க் கொடுத்ததும் ஆசிரியை பூஜ்யத்தால் வகுத்துப் பார்த்தார். மிஷின் நிற்கவில்லை, பிழை என்று திரையில் காட்டியது.

"மதி, இது மதி," என்றார். போதும் என்று அர்த்தம்.

அன்று மாலை பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஆளுக்கொரு தேங்காய் எறிந்தோம். என்னுடையது உடனே சிதறியது. சகாவுடையது உடையாமல் உருண்டோட, அவர் வெறுங்காலோடு துரத்திப்போய்ப் பிடித்து மறுபடி ஓங்கி எறிந்தார்.