நூறு எண்ணும் வரை

பதினோரு வயதுவரை நான் பார்த்த மிக உயரமான இடம், ஏரிக்கு அந்தப் பக்கம் கடலோரம் நிற்கும் கலங்கரை விளக்கம்தான். அதையும் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. அப்படிப்பட்ட எங்கள் கோட்டைக்குப்பம் வீட்டுக்கு ஒரு நாள் வடக்கே பனி மலைகளுக்கு நடுவே இருக்கும் லேயிலிருந்து மாமா போன் செய்தார். அம்மாவின் தம்பி, பட்டாளத்தில் இருந்தார். கோடை விடுமுறையில் அத்தையை அங்கே ஒரு மாதம் அழைத்துப்போகப் போகிறாராம். அத்தைக்குப் பேச்சுத் துணையாக எங்கள் வீட்டுப் பெண்கள் இருவரில் ஒருத்தி கூட வரலாமாம். ஒருத்திதான்.

இருவர் என்றால் நானும் என்னைவிட இரண்டு வயது மூத்த அக்காவும்.

நைனா யோசிக்கவே இல்லை. எங்கள் குப்பத்தில் இதற்கெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை, பாடு என்று ஒன்று இருக்கிறது. முகத்துவாரத்தில் நல்ல இடத்தில் வலை போட இன்று ஒருவருக்கு முறை, நாளை அடுத்தவருக்கு. தன் முறைக்கு இறங்க முடியாதவன் பாடு அடுத்தவனுக்குப் போய்விடும், சண்டை கிடையாது. "மொதப் பாடு பெரியவளுக்கு. அடுத்த வாட்டி சின்னவ" என்று சொல்லிவிட்டு நைனா வலையைப் பிரிக்கப் போய்விட்டார். மாமாவுக்கு அந்த வருடமே மாற்றல் வரப்போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது எனக்கு மட்டும்தான் உறைத்தது.

அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. அக்கா ஒரு நோட்டு போட்டாள். அதில் பார்க்க வேண்டியதையெல்லாம் எழுதினாள். ராஜாக்கள் இருந்த ஒன்பது மாடி அரண்மனை, மலை உச்சி மடம், பழைய கடைத்தெரு. பொன்னேரியில் அவளுக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கினார்கள். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கத் தெருவில் நடந்தாள். இறால் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் "பனி மலைக்கா போறே, ராணி மாரி கீறியே" என்று கொஞ்சினார்கள். பக்கத்தில் போன என்னை ஒருத்தியும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான் சோற்றைத் தள்ளினேன், ராத்திரி அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன், ஒரு முறை ஸ்வெட்டரை எடுத்துக் கருவாட்டுக் கூடைக்குள் வைத்தேன். அடி வாங்கியதுதான் மிச்சம்.

அப்புறம் மாமா இன்னொரு போன் செய்தார். "மேல காத்து கம்மி, மொதல்ல மூச்சு வாங்கும்" என்று எச்சரிக்கைக்காகச் சொன்னார். அம்மா பயந்துபோய், பெண்ணை அனுப்பவே வேண்டாம் என்றாள். நைனாவோ சிரித்தார். காற்றே இல்லாத தண்ணீருக்குள் நம் ஆட்கள் மூச்சைப் பிடிக்கவில்லையா, மலையில் காற்று கொஞ்சமாவது இருக்கிறதே என்பது அவர் கணக்கு. குப்பம் மொத்தமும் அதை ஒப்புக்கொண்டது. ஆக, பதினோராயிரம் அடி உயரத்துக்குப் போகப்போகிறவள், தினமும் காலையில் ஏரிக்குள் முங்கிப் பயிற்சி எடுக்க ஆரம்பித்தாள். கரையில் நின்று எண்ணுவது என் வேலை.

அதில் நான் யோக்கியமாகத்தான் இருந்தேன். ஒரு வாரத்தில் அக்கா நூற்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். எண்ண எண்ண எனக்குத்தான் மூச்சு முட்டியது.

டிக்கெட் எடுக்கும் நாள் வந்தது. அம்மாவின் பயம் தீரட்டும் என்று நைனா சொன்னார்: "நூறு எண்ற வரைக்கும் உள்ள இருக்கட்டும். இருந்தா அவ போவட்டும், இல்லன்னா பாடு சின்னவளுக்கு." அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். நான் எண்ண ஆரம்பித்தேன். நாற்பதுவரை ஒழுங்காக எண்ணினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு எண்ணையும் ஜவ்வு மாதிரி இழுத்தேன். எழுபதில் ஒரு பொய் இருமல் இருமினேன். நைனா வேறு யாரோடோ படகு எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. எண்பத்தி மூன்றில் அக்கா எழுந்துவிட்டாள். தலைமுடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருக்க, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவின் பயத்துக்கு நானும் நூறு இருந்து காட்ட வேண்டும், அடுத்து நான் முங்கினேன். இப்போது அக்கா எண்ணினாள். தண்ணீருக்குள் அவள் குரல் எங்கோ தூரத்தில் கேட்பது போலக் கேட்டது. நெஞ்சு வெடித்துவிடும் என்ற நேரத்தில் "நூறு!" என்று கத்தினாள். நான் எழுந்து குதித்த குதியில் நைனாவின் வேட்டி நனைந்தது.

சிவப்பு ஸ்வெட்டர் எனக்கு வந்தது, கை மட்டும் நீளம். நோட்டையும் அக்கா அவளாகவே கொடுத்தாள். லேயில் முதல் இரண்டு நாள் தலைவலியிலும் வாந்தியிலும் சுருண்டு கிடந்தேன். தண்ணீருக்குள் மூச்சடக்கிப் பழகிய கதையை அத்தை சொன்னதும் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெதுவாக நடந்து, நிறையத் தண்ணீர் குடித்தால் போதுமாம். மூன்றாம் நாள் அரண்மனைப் படிகளில் ஏறினேன். நோட்டில் எழுதியிருந்த எல்லாவற்றையும் பார்த்தேன். திரும்பி வந்து ஒரு வருடம் அந்தப் பெருமையையே பேசினேன். அக்கா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டாள். ஏமாற்றி ஜெயித்ததை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பெண் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். மூச்சடக்கி முப்பது வினாடி இருந்தாளாம். "உன் வயசுல நான் நூறு இருந்தேன்டி" என்று சொல்லி, வீம்புக்கு ஒரு வாளித் தண்ணீரில் முகத்தை விட்டேன். அந்தப் பெண் போனில் நேரம் பார்த்தாள். முப்பத்தி நாலு.

"வயசாயிடுச்சி" என்றேன்.

"அன்னிக்கும் அவ்ளோதான்டி இருந்தே" என்றாள் அக்கா, அடுப்பைப் பார்த்தபடியே. "வாய் வலிக்க வலிக்க நான் எண்ணுனது எனக்குத்தான் தெரியும். நூறு எண்ணுனு சொன்னாரே ஒழிய, எவ்ளோ வேகம்னு நைனா சொன்னாரா இன்னா?"

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டேன். "ஏன்க்கா?" என்று கேட்டேன்.

"எழுவதுல ஒரு இருமல் இருமினியே, எனக்கு உள்ள கேட்டுச்சி. இவ்ளோ ஆசைய வெச்சிக்கினு இருக்காளே, போய்த் தொலையட்டும்னு எழுந்துட்டேன். இன்னும் கொஞ்சம் மூச்சு இருந்துச்சி."

அன்று ஏரியிலிருந்து எழுந்து அவள் என்னைப் பார்த்தபடி நின்றது நினைவுக்கு வந்தது. பாவம், மூச்சு வாங்குகிறது, அதனால்தான் பேசாமல் நிற்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.