பச்சையாகிப் போன இணைப்பு

வெள்ளிக்கிழமை சிவப்பாக இருந்த இடம் திங்கட்கிழமை பச்சையாக இருந்தால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது?

சகாய பிரியாவுக்குப் பதறியது. பெரம்பலூரில் ஒரு மாடியில் இயங்கும் அந்தச் சின்ன டிசைன் ஆபீஸில் அவளுக்கு வேலையே சந்தேகப்படுவதுதான். வளைகுடா நாட்டு ஆலைகளில் ஓடப்போகும் நீராவிக் குழாய்களைக் கம்ப்யூட்டரில் மாடலாகக் கட்டி, சூட்டில் அவை நீளும்போது எங்கே பிய்த்துக்கொள்ளும் என்று சொல்லவேண்டும். வரதராசன்பேட்டையில் முந்திரிக் காற்றில் வளர்ந்த பெண். இப்போது அரியலூரிலிருந்து தினமும் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் பஸ்ஸில் வந்து, கண்காணாத பாலைவனத்துக் குழாய்களுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். கேஸை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற சுபாவம் அவளுக்கு.

ஆனால் இந்தக் குழாய் அவளுக்கு வேறு. அதன் கீழே தினமும் நடமாடுகிறவர்களில் ஒருவன் அவள் கணவன் ஜூட். அந்த ஆலையில் அவன் வெல்டர்.

பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாய் கிளை பிரியும் இடம் அது. சைட்டில் பாதையை மாற்றிப் பற்றவைத்துவிட்டதால் மறுபடி கணக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். வரைபடத்தில் இருந்தபடி, ஓட்டை போட்டு நேரே பற்றவைத்த வெறும் கிளையாகத்தான் அவள் மாடல் செய்தாள். படத்தில் அந்த மூட்டு செக்கச்செவேல் என்று எரிந்தது. சிவப்பு என்றாலே ஆபத்து என்று அவள் பயப்படுகிறவள் அல்ல. எந்தப் படத்திலும் அதிக அழுத்தம் உள்ள இடத்துக்கு அந்தச் சாஃப்ட்வேர் சிவப்பு பூசிவிடும். ஓரத்து நிற அளவுகோலைப் பார்த்தாள். தாங்கும் எல்லையைத் தாண்டியிருந்தது.

இன்று அதே மூட்டு பச்சை.

அளவுகோலை யாரேனும் நீட்டி வைத்துவிட்டார்களோ? இல்லை. கிளையின் விவரத்தைத் திறந்தாள். ‘பேட்’ என்ற இடம் நிரப்பப்பட்டிருந்தது. கிளையைச் சுற்றிச் சட்டைக் காலர் மாதிரி பற்றவைக்கும் இரும்புத் தகடு அது. இருந்தால் மூட்டு தாங்கும். வரைபடத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

பக்கத்து இருக்கையில் முகமது ஆசிக். லப்பைக்குடிக்காட்டுக்காரன், ஜூட்டோடு பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவன்.

“ஆசிக் அண்ணே, என் மாடல்ல கைய வச்சது யாரு?”

“நான்தான் தங்கச்சி. பேட் போட்டாச்சுன்னு சைட்லேருந்து சொல்லிட்டாங்க.”

“சைட்லேருந்துன்னா?”

“சைட்னா சைட்டுதான். நீ என்ன, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேக்குற?”

அவன் சிரித்தான். கண் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் போன் அதிர்ந்தது. சட்டென்று கவிழ்த்து வைத்தான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். ‘ஜூட் மச்சான்’.

தாலி கட்டிய மனைவி இங்கே இருக்க, குழாய் விஷயத்தை ஜூட் நண்பனிடம் ரகசியமாகப் பேசுவானேன்? மாடிப்படிக்கு வந்து அவளே அழைத்தாள்.

“வீடியோல வாங்க. அந்தக் கிளையைக் காட்டுங்க.”

“சிக்னல் இல்லடி. போட்டோ அனுப்புறேன்.”

போட்டோ வந்தது. பளபளவென்று ஒரு கிளை, சுற்றிலும் அழகான பேட். ஒரு கணம் அவளுக்கு நிம்மதியில் கண் கலங்கியது. ஆனால் பாழாய்ப்போன மனம் விடவில்லை. படத்தில் பக்கத்தில் ஒரு சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. கிளையோ அந்தச் சங்கிலிக்கு எதிர்த்திசையில், வானத்தைப் பார்த்து நின்றது. அவள் நாள்கணக்கில் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்த கிளை பக்கவாட்டில் போவது.

மறுபடி அழைத்தாள். “இது வேற கிளைங்க.”

ஜூட்டின் குரல் உடைந்து வந்தது. “பாதை மாத்துனப்பவே பேட் வைக்கச் சொல்லி வாயால சொன்னாங்க, பிரியா. அவசரத்துல விட்டுட்டேன். இப்ப அதுமேல சூடு வெளியே போகாம லேகிங் சுத்தி மூடிட்டாங்க. பிரிச்சா என்னைய ஊருக்கு ஏத்திவிட்டுருவாங்க. ஆசிக்க திட்டாத, நான்தான் பொய் சொன்னேன். நீ அந்தக் கணக்குல கையெழுத்து மட்டும் போட்டுடு.”

“அதுக்குக் கீழதானங்க நிக்கிறீங்க?”

“ஒண்ணும் ஆகாதுடி.”

“அத நீங்க சொல்லக் கூடாது. நான் சொல்லணும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆசிக் எழுந்து நின்றான். அவனைப் பார்க்காமலே பேடை அழித்தாள், கணக்கை ஓடவிட்டாள். மூட்டு மறுபடி எரிந்தது. அந்தப் படத்தோடு முதலாளி நஜீமுதீனின் அறைக்குப் போனாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “காலையில பச்சைன்னு ஆசிக் காட்டுனான். இப்ப சிவப்புங்கிற. எதம்மா நம்புறது?”

“இதை நம்புங்க சார். அங்க பேட் இல்ல. லேகிங்கைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லி இப்பவே மெயில் போடுங்க. அதுவரைக்கும் நீராவி விடக் கூடாது.”

“பத்தவச்சவன் மாட்டிக்குவானே. யாருன்னு தெரியுமா?”

கையில் அவள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஜூட்தான். அவள் எடுக்கவில்லை.

“என் வீட்டுக்காரர் சார்” என்றாள்.