எங்கப்பா அறுத்த பலகை

என் சித்தப்பா இறந்து நாற்பது நாள் ஆகிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. முன்பு ஒரு காரணத்துக்காகக் கோபம், இப்போது வேறு காரணத்துக்காக. அழ உட்கார்ந்தாலும் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து நானும் அம்மாவும் கப்பலேறிப் போர்ட் பிளேர் வந்தோம். அங்கே சாத்தம் தீவு மர மில்லில் ரம்பத்தில் வேலை பார்த்த அப்பா, மஞ்சள் காமாலையில் இறந்துபோன ஐந்தாவது மாதம் அது. அப்பாவின் வேலையைச் சித்தப்பாவுக்குக் கொடுத்திருந்தார்கள். அப்பா இருந்த, மில் கொடுத்த லைன் வீடும் அவருக்கே வந்திருந்தது. துறைமுகத்தில் எங்களைக் கூப்பிட வந்து நின்றபோது அவர் போட்டிருந்த காக்கிச் சட்டைகூட அப்பாவுடையதுதான். தோளில் அம்மா தைத்த ஒட்டு அப்படியே இருந்தது. அந்தச் சட்டையைப் பார்த்த நிமிடமே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

அப்பா ஊருக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். கப்பல் வந்தால்தான் கடிதம் வரும். தபால்காரர் படித்துக் காட்டுவார். வேதக்கோயில் பெஞ்சுகளுக்கு நான்தான் பலகை அறுத்தேன், பார்க்கில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற சறுக்குப் பலகை நான் அறுத்தது, பாப்பா வந்தால் அதில் முதலில் அவளைத்தான் ஏற்றிவிடுவேன் என்று எழுதியிருந்தார். அப்பாவின் முகமே எனக்குச் சரியாக நினைவில்லை. அவர் ஊரைவிட்டுப் போகும்போது எனக்கு நான்கு வயது. எனக்கென்று அவர் விட்டுவிட்டுப் போனது அந்தப் பலகைகள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்த மறு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னை ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பினார். அம்மாதான் தலையைச் சீவி அனுப்பினாள்.

"சித்தப்பாகூடப் போயி எல்லாத்தையும் பாத்துட்டு வா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே திரியாத."

சாத்தம் பாலத்தைக் கடந்து ஃபீனிக்ஸ் பே வரைக்கும் நடந்தே போனோம். அங்கே படகுகள் கட்டியிருந்த இடத்தில் ஒரு மரத்துறை இருந்தது. சித்தப்பா அதன்மேல் ஏறிக் காலால் இரண்டு தடவை ஓங்கி மிதித்தார்.

"அசையுதா பாரு. குர்ஜன் மரம். நாந்தான் அறுத்தேன்."

இந்தத் துறை கடிதத்தில் வரவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பஜாரில் மணிக்கூண்டைக் காட்டினார். அதில் பலகை எதுவும் இல்லை. ஆனால் எதிரே ஒரு கடையின் கதவைத் தட்டிக் காட்டி, "இது நம்ம சரக்கு" என்றார். கடைக்கார முஸ்லிம் பெரியவர் சிரித்துக்கொண்டே, "என்ன தம்பி, அண்ணன் மகளா? ஊரையே ஒன் பேருக்கு எழுதிக்கிட்டியா?" என்று கேட்டார். சித்தப்பாவும் சிரித்தார். என் காது சுட்டது.

ஜெயில் பக்கம் வந்தபோது மட்டும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த வளாகத்தில்தான் ஆஸ்பத்திரியும் இருந்தது. என் கையைப் பிடித்து ரோட்டின் அந்தப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். இங்கே பெருமையடிக்க ஒரு பலகைகூட இல்லை போலிருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்பா கடைசி எட்டு நாள் அங்கேதான் கிடந்தார் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

பார்க்கில் கடலைப் பார்த்தபடி அந்தச் சறுக்கு நின்றது. பெங்காலிப் பிள்ளைகள் வரிசையாக ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். பலகை சிவப்பாக, எண்ணெய் தடவியதுபோலப் பளபளத்தது.

"ஏறுத்தா" என்றார் சித்தப்பா. "படாக் மரம். நான் அறுத்தது. ஒரு சிலாம்பு குத்தாது."

"நான் ஏறமாட்டேன்."

"ஏன், பயமா? நான் கீழ நின்னு பிடிச்சுக்கிறேன், வா."

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல. இது எங்கப்பா அறுத்தது. நீங்க பொய் சொல்றீங்க."

அவர் மறுத்துப் பேசுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சறுக்கின் விளிம்பை உள்ளங்கையால் ஒரு தடவை தேய்த்துவிட்டு, "சரி, வா, வேதக்கோயிலப் பாப்போம்" என்றார். திருடியவனைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகும் அவன் எதுவும் நடக்காததுபோல அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போனால் எப்படியிருக்கும்?

வேதக்கோயிலில் காலைப் பூசை முடிந்து ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனோம். சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சுவரை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தார்.

"இத்தனையும் நாந்தான்" என்றார்.

கோயிலைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் ராஞ்சிக்காரர் ஒருவர் வெளியே மரத்தடியில் நின்றிருந்தார். சித்தப்பா அவரிடம் பீடிக்கு நெருப்புக் கேட்கப் போனார். நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வழியில் பொறுக்கிய ஓர் ஆணி என் பாவாடை மடிப்பில் இருந்தது. நான் இரண்டு வகுப்புத்தான் படித்திருந்தேன். ஆனாலும் இதை எழுதத் தெரியும். பெஞ்சின் முன்னால் முட்டி போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரும் பலகையில் கீறினேன். படாக் மரம் கல் மாதிரி. விரல் தோல் உரிந்தது. 'எங்கப்பா அறு' என்று எழுதி முடித்தபோது தலைக்கு மேல் ஒரு நிழல் விழுந்தது.

"யே கிஸ்னே கியா?" என்று ராஞ்சிக்காரர் கத்தினார். யார் செய்தது என்று கேட்கிறார் என்பது தெரிந்தது. ஆணி என் கையில்தான் இருந்தது.

சித்தப்பா பீடியோடு ஓடி வந்தார். பெஞ்சைப் பார்த்தார். அதைப் படிக்க அவருக்கு நேரம் பிடித்தது. பிறகு, பலகைகளைக் காட்டும்போது செய்ததுபோலவே நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

"ஹம் கியா, பாபா."

நான் செய்தேன் என்கிறார்.

"தும்?" நீயா என்று கேட்டு ராஞ்சிக்காரர் அவரையும் என்னையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தம் கேட்டு வந்த மலையாளிப் பாதிரியாரிடமும் சித்தப்பா அதையே சொன்னார். நானேதான், சாமி, புத்தி கெட்டுப்போய்ச் செய்துவிட்டேன் என்றார். மில் துரையிடம் சொல்லி வேலையை எடுத்துவிட்டால் என்ன செய்வாய் என்று பாதிரியார் கேட்டார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடுத்த ஞாயிற்றுக்குள் கீறல் இருந்த தடம் தெரியாமல் ஆக்கிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? துறையை எடுத்துக்கொண்டார், கதவை எடுத்துக்கொண்டார், சறுக்கை எடுத்துக்கொண்டார். நான் விரல் கிழியக் கீறியதையும் 'நான்' என்று சொல்லி எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்குப் பத்தடி பின்னாலேயே நடந்தேன்.

சனிக்கிழமை இழைப்புளி, உளி, சுத்தியல் எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். "நீ வெளிய உக்காருத்தா. தூசி பறக்கும்" என்றார். உள்ளே முதலில் தட்டுகிற சத்தம், பிறகு இழைக்கிற சத்தம், மறுபடி தட்டுகிற சத்தம். கதவிடுக்கு வழியாகச் சிவப்புச் சுருள்கள் காற்றில் உருண்டு வந்தன. அவற்றைப் பாவாடையில் பொறுக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து, என் எழுத்தைத் தேடினேன். ஓர் எழுத்துக்கூடக் கிடைக்கவில்லை.

அவர் வியர்த்துப்போய் வெளியே வந்தார்.

"அழிச்சிட்டீங்களா?"

"இனி தெரியாது" என்றார்.

அதன் பிறகு பதினோரு வருடம் அவர் வாங்கிப்போட்ட சோற்றைத் தின்றேன். கேட்டதற்குப் பதில் சொல்வேன், அவ்வளவுதான். அவரும் அந்தப் பலகைப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. போன மாதம் மில்லிலிருந்து வந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்த மில்காரர்களில் ஒருவர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "அண்ணன் முன்னால நின்னு மரத்தை ரம்பத்துக்குத் தள்ளுவாரு. இவன் பின்னால நின்னு பலகைய வாங்குவான். அண்ணன் சாவுற வரைக்கும் ரெண்டு வருசம், தெனக்கூலிக்கு. ரெண்டு பேரு கையும் படாம அந்த ரம்பத்துல ஒரு பலகை வெளிய வந்ததில்ல தங்கச்சி."

நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் வேதக்கோயிலுக்குப் போனேன். எதற்கென்று தெரியாமலே போனேன். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மற்றப் பெஞ்சுகளில் ஆணித்தலை தெரிந்தது. இதில் மட்டும் நான்கு மூலையிலும் மரத்தால் அடைத்த வட்டங்கள் இருந்தன. பலகையைக் கழற்றி மறுபடி பூட்டியிருக்கிறார்கள் என்பது மில் வீட்டில் வளர்ந்தவளுக்குப் புரியாமல் போகாது. அவர் இழைத்தது என் எழுத்தை இல்லை. அடிப்பக்கத்தை இழைத்து, அதை மேலே திருப்பிப் போட்டிருக்கிறார்.

தரையில் படுத்து அண்ணாந்து பார்த்தேன். என் கோணல் கீறல் அப்படியே இருந்தது. 'எங்கப்பா அறு'. அதைத் தொட்டாற்போல், ஆழமாக, நேராக, உளியால் வெட்டிய எழுத்துகள்: 'த்தது'.

தன் பெயரை அவர் அங்கே போடவில்லை. யாரும் பார்க்கப்போகாத இடத்தில்கூடப் போடவில்லை. அந்தச் சனிக்கிழமை வெளியே வந்து 'இனி தெரியாது' என்று சொன்ன மனிதர், உள்ளே வந்து பாருத்தா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வாசலில்தானே உட்கார்ந்திருந்தேன், மடி நிறைய மரச்சுருளோடு.