ஒரு கையால் உருவ வேண்டிய கத்தி

என் கடைக்குக் கத்தி வாங்க வருகிறவர்கள் முதலில் விரல் வைத்துக் கூர் பார்ப்பார்கள். தங்கச் சுரங்கம் இருந்த பாலகாட்டிலிருந்து வந்த அந்தப் பெரியவர் அதைச் செய்யவே இல்லை. அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒட்டிய கன்னம், வெளுத்த காக்கிச் சட்டை. காட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கான கத்தி வேண்டும், மடக்குக் கத்தி மட்டும் வேண்டாம் என்றார்.

ஒவ்வொன்றையும் உறையோடு இடுப்பில் செருகி, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் மட்டும் உருவினார். இரண்டு கத்திகள் உறையில் சிக்கின. தண்ணீர் கேட்டு வாங்கிக் கையை நனைத்துக்கொண்டு இன்னொன்றை உருவினார். அதன் பிடி வழுக்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னாத்துக்குங்க கண்ண மூடிக்கிறீங்க?"

"எம் பெரிய பையனுக்கு நான்தாம்பா வாங்கிக் குடுத்தேன். மடக்குக் கத்தி, பாக்கெட்ல அடங்கும்னு. ஆத்துல கயிறு கால்ல சுத்திக்கிச்சு. அவன வெளிய எடுக்கச்சொல்லோ கத்தி கையிலதான் இருந்துச்சு. மடங்குனபடியே. ஒரு கையால அத தொறக்க முடியாது."

"இது யாருக்கு?" என்றேன்.

"சின்னவளுக்கு. ஞாயித்துக்கெழம அண்ணன் போன அந்த ஆத்துக்கே கூடாரம் போடப் போறா."

"வேணாம்னு சொல்லலீங்களா?"

"நான் சுரங்கத்துக்குள்ள கேஜ் லிஃப்ட்ல எறங்கச்சொல்லோ எங்கம்மா சொன்னாங்களா? சோறுதான் கட்டிக் குடுத்தாங்க."

கடைசிக் கத்தி ஈரக் கைக்குச் சுலபமாக வந்தது. அதன் பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த இடது கை, எதையோ விடாமல் பிடித்திருப்பதுபோல் இறுகியிருந்தது.