முன்கூட்டியே சுற்றிய நூற்றெட்டு

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அமெரிக்க விசா கிடைத்ததென்று அவள் அம்மா போன வாரம் லட்டு கொண்டுவந்தார். பச்சைக் கற்பூர வாசனையிலேயே எந்தக் கோயில் என்று தெரிந்துவிட்டது. ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் இருக்கும், விசா கொடுக்கும் பெருமாள். வேண்டிக்கொள்ளும்போது பதினோரு சுற்று, கிடைத்த பிறகு நூற்றெட்டு. ஹைதராபாத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

"நூற்றெட்டு எப்ப சுத்தினா? விசாவுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பின்னாடிதான் சார், ஏன்?" என்றார். ஒன்றுமில்லை என்று லட்டை வாயில் போட்டுக்கொண்டேன். எந்தக் காரியமும் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நடந்தது என்று தெரியாவிட்டால் எனக்குச் செரிக்காது. முப்பத்தேழு டைரிகள் வைத்திருக்கிறேன். என் மனைவி கட்டிலை விற்றாலும் விற்பாள், அவற்றை எடைக்குப் போடவிடமாட்டேன்.

அதில் ஒரு டைரியில் முரளி இருக்கிறான். ஆண்டைச் சொன்னால் என் வயது தெரிந்துவிடும். மாதாப்பூரில் பாறைகளை உடைத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டைக்காரன். எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். கம்பெனியே அவனை அமெரிக்காவுக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது. தூதரக நேர்காணல் வெள்ளிக்கிழமை. அந்த வாரம் புதன்கிழமை காலை லட்டு டப்பாவோடு நொண்டிக்கொண்டே வந்தான்.

"பதினொண்ணு சுத்தினதுக்கா இப்படி நொண்டற?" என்றேன்.

"நூற்றெட்டையும் முடிச்சுட்டேன் அண்ணாச்சி. விசா வந்தப்புறம் பெட்டி கட்டவே நேரம் இருக்காதுல்லா."

அலுவலகத்தின் படிவங்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் கல்பனா தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம் அவளுடையது. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு' என்று ஊர் உருது அவள் தமிழில் கலந்திருக்கும். "நக்கோ முரளி! கைக்கு இவ்ளோ அவசரம்? பெருமாள் என்ன அட்வான்ஸ் புக்கிங்கா பண்றார்?"

முரளியைச் சொல்லி என்ன பயன்? அவனைவிட அவசரப்பட்டவன் நான். பிரிவுபசாரங்களுக்கு நான்தான் நிரந்தரச் செயலாளர். பெரிய மீட்டிங் அறை வியாழன் மாலை நான்கு மணிக்குத்தான் காலி. அடுத்த இரண்டு வாரமும் யாரோ பிடித்துவைத்திருந்தார்கள். "ஸ்டாம்பு விழட்டுமே அண்ணாச்சி, அப்புறம் கேக் வெட்டுவோம்" என்றான் முரளி. "விசா கிடைச்சுடும், ரூம் கிடைக்காது" என்றேன். இந்த வாக்கியத்தை டைரியில் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியிருக்கிறேன்.

வியாழன் நான்கு பத்துக்குக் கேக் வெட்டினோம். ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தோம். அப்புறம் முரளி பேச எழுந்தான். வழக்கமாக எல்லோரும் "இது என் இரண்டாவது வீடு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முரளி எங்கள் மேனேஜர் சுதாகர் ராவைப் பார்த்து உண்மையைப் பேசினான். காலை ஒன்பது மணி மீட்டிங்கால் டீ ஆறியதைத் தவிர எதுவும் நடந்ததில்லை என்றான். மேனேஜர் காட்டும் ஸ்லைடுகள் எல்லாம் கல்பனா செய்தவை என்றான். சுதாகர் சார் எந்தத் தாளையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். ஒருமுறை கேன்டீன் மெனுவில்கூடப் போட்டார் என்றான். ஆங்கிலத்தில் பேசினான். தமிழில் பேசியிருந்தால் தப்பித்திருப்பான்.

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். போகிறவன்தானே என்று சுதாகர் சாரும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை தூதரகத்தில் மூன்று கேள்வி கேட்டு, பாஸ்போர்ட்டோடு ஒரு தாளையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விசா இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு முரளி குக்கர் அட்டைப்பெட்டியோடு என் முன்னால் நின்றான். என் முன்னால் என்றால், அவனுடைய ஜன்னலோர நாற்காலிக்கு முன்னால். வெள்ளிக்கிழமை காலையிலேயே நான் அதற்கு மாறியிருந்தேன். "நீங்க இருங்க அண்ணாச்சி" என்று பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டான். அதுவரை நான் அவ்வளவு சங்கடமான நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

சுதாகர் சார் உள்ளே வந்தார். பார்த்தார். "ஏமய்யா முரளி, ஃப்ளைட் லேட்டா?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

விஷயம் சிரிப்பாக இல்லை. வெளிநாடு போவதற்காக ஒரு ப்ராஜெக்டிலிருந்து விடுவிக்கப்பட்டவனை அந்த மேனேஜரே ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் நடக்காவிட்டால் வேலை போய்விடும். முரளி வீட்டைக் காலி செய்துவிட்டிருந்தான். ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவியை ஊருக்கு அனுப்பியிருந்தான். வேலை போய்விடும் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பாரம் சுதாகர் சார் மேசைக்குப் போயிற்று. புதன்கிழமை அதன்மேல் காபிக் கோப்பை இருந்தது. வியாழக்கிழமையும் அதே இடத்தில் கோப்பை. வேறு பாரங்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். இதை மட்டும் தொடவில்லை. நான் ஒருமுறை உள்ளே போய்த் தொண்டையைச் செருமினேன். "எஸ்?" என்றார். "ஏசி குளிராக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வீரத்தின் அளவு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். முரளி கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டு வந்தான். நான்கரை மணிக்குப் பார்த்தால் பாரம், காபி வளையத்தோடு, கையெழுத்தோடு, மனிதவளப் பிரிவின் தட்டில் இருந்தது.

அடுத்த திங்களன்று முரளி ஓடிப்போய் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டான். "தேங்க்யூ சார். நான் பேசினதுக்கு நீங்க செஞ்சது..." சுதாகர் சார் ஒரு கணம் விழித்தார். பிறகு தோளில் தட்டி, தான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை என்று ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். 'பெரிய மனிதர்' என்று டைரியில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அந்தப் பெரிய மனதுதான் அவரை எங்கோ கொண்டுபோயிற்று. முதலில் பதவி உயர்வு, பிறகு பக்கத்துக் கட்டடத்தில் இன்னும் பெரிய அறை. இப்போது கல்லூரிகளில் 'மன்னிக்கும் தலைமை' பற்றிப் பேசுகிறார். முதல் கதை முரளியுடையது. முரளி அமெரிக்காவுக்குப் போகவே இல்லை. போனவர்களெல்லாம் இப்போது அவனுக்குக் கீழே வேலை பார்த்து, போனில் அவனுக்குப் பதில் சொல்கிறார்கள். நான் ஜன்னலோரத்திலேயே ஓய்வு பெற்றேன். முரளி கடைசிவரை அந்த நாற்காலியைத் திரும்பக் கேட்கவில்லை.

எதிர்வீட்டு லட்டு வந்த இரண்டாம் நாள் கல்பனாவுக்குப் பிரிவுபசாரம், ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மீட்டிங் அறை கிடையாது, இப்போது எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள், கேக்குக்குப் பதில் கேக் படம். சரியாக ஆறு மணிக்கு அவளுடைய அலுவலகக் கம்ப்யூட்டர் கணக்கு தானாகவே மூடப்படும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எல்லோரும் பாராட்டி முடிக்க ஐந்து ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். முரளி, நீயும் கேளு. சுதாகர் சார் அந்த பாரத்துல கையெழுத்தே போடல. ஸ்லைடு பண்ணித் தர்றேன், லீவ் லெட்டர் எழுதித் தர்றேன், இதுக்கு மட்டும் என்னன்னு அந்த வெள்ளிக்கிழமை நானே..."

அவள் கட்டம் இருண்டது. பக்கத்துக் கட்டத்தில் முரளியின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

உடனே அவளுக்கு போன் போட்டேன். "மிச்சத்தையும் சொல்லு கல்பனா. எத்தனை மணிக்கு? எந்தப் பேனா?"

"நக்கோ அண்ணா. அதெல்லாம் ஆபீஸ் விஷயம், ஆபீஸ்லதான் பேசணும்" என்று சிரித்தாள். "ஆபீஸ் எங்க இருக்கு, சொல்லுங்க, வர்றேன்."